சுப்பராயன் ஒட்டிய சக்கரம்

பாக்யலட்சுமி கார் வாங்கியது பவுசு காட்டுவதற்காக இல்லை. பவுசும் கொஞ்சம் இருந்தது, இல்லவே இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் முதல் காரணம் பஸ். பெரிய மார்க்கெட்டில் இருபது வருஷமாக மீன் விற்கிறவள் அவள். கூடையோடு ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவான், அது பழகிப்போன சங்கதி. போன வருஷம் நடந்தது வேறு. ஒரு கல்யாணத்துக்காகத் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்து, கையில் ஒரு கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அவள்மேல் மீன் வாசனையே கிடையாது. கூடையைப் பார்த்து இறக்கிவிட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து, "நான் கார் ஓட்டக் கத்துக்கப்போறேன்யா" என்றாள்.

"கத்துக்கயேன்" என்றான் அவள் புருஷன் சுப்பராயன். வேறு எவனாவது இருந்தால் நாற்பத்தைந்து வயசில் இது உனக்குத் தேவையா என்று கேட்டிருப்பான். சுப்பராயன் கேட்கவில்லை.

அப்படிக் கற்றுக்கொண்டு, சீட்டுக் கட்டி, இந்தத் தை மாசம் ஒரு பழைய காரையும் வாங்கிவிட்டாள். சாரம் பகுதியில் குடியிருந்த ஒரு சொல்தாவின் கார் அது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற மனுஷர். மகளோடு பாரிசிலேயே இருந்துவிடப் போகிறேன் என்று வண்டியைக் கொடுத்துவிட்டார். ஏழு வயசு வண்டி, வெள்ளை நிறம். இஞ்சின் பூனைக்குட்டி போல முனகியது, சீட்டில் ஒரு கறை கிடையாது. சக்கரங்களைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. நாலும் அலாய் வீல். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நடைபாதைக் கல்லில் உரசாமல் சொல்தா ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை போலிருக்கிறது. ஓரமெல்லாம் சிராய்ப்பு, நடுவில் உப்புக் காற்று பட்டுப் பூத்துப் போன பெயிண்ட். பின்பக்கம் இடது டயரில் மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தரம் காற்று இறங்கியது.

முதலியார்பேட்டையில் இனியவன் என்பவன் வீல் கடை வைத்திருக்கிறான். முப்பத்தைந்து வயசிருக்கும். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒன்பது வருஷம் பெயிண்ட் பிரிவில் இருந்துவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டவன். நாலு வீலையும் கழற்றிப் பார்த்தான்.

"அக்கா, மூணு வீலுக்கு வெறும் தோல்லதான் காயம். தேச்சு பவுடர் கோட்டிங் போட்டுத் தரேன், புதுசாட்டம் ஆயிடும். அத்தப் போயி மாத்துங்கன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆனா இந்தப் பின்னாடி வீலு இருக்குது பாருங்க, உள்பக்கம் விரிசல். அதான் காத்து எறங்குது. இத்த மாத்திடுங்க."

"ஒட்ட முடியாதா தம்பி?"

"சில பேரு வெல்டிங் வெச்சுத் தருவாங்க. நான் தரமாட்டேன்."

யோசித்துவிட்டு வருகிறேன் என்று வீடு வந்தவள், சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், சுப்பராயனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மாத்தணுமாமா? மூக்கு ஒடஞ்சி ரெண்டா பொளந்து வந்த போட்டையே கடலுக்கு அனுப்பினவன் நானு. ஒரு சாண் விரிசலு. இதுக்குப் போயி மாத்தணுமாமா?"

இந்த இடத்தில் சுப்பராயனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவன் அவன். அடியில் பிளந்து, பக்கம் உடைந்து வருகிற படகைக் கவிழ்த்துப்போட்டு, முதலில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்பான். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அந்த இடத்தைச் செதுக்கி எடுப்பான். பிறகு கண்ணாடி நார் விரித்து, ரெசின் ஊற்றி, அதன்மேல் இன்னொரு நார், இன்னொரு ரெசின், காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. தேய்த்து முடித்தால் எங்கே உடைந்தது என்று படகுக்குச் சொந்தக்காரனே தேடவேண்டும். "சுப்பராயன் ஒட்டுனா ஒட்டுனதுதான்" என்பது துறைமுகப் பேச்சு. அவன் ஒட்டிக் கொடுத்து ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கடலில் ஒரு தரம் இடுப்பில் அடிபட்டுத் தொழிலுக்குப் போக முடியாமல் ஆனவன். இனி இந்த ஆள் என்ன செய்யப் போகிறான் என்று ஊரே பரிதாபப்பட்டபோது இந்த வேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவன். பாக்யலட்சுமிக்கு அவன் கை மேல் அப்படி ஒரு மயக்கம். ரெசின் பட்டுத் தோல் உரிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சினிமாவுக்குப் போவதில் அவளுக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நாலு நாள் மதியத்தில் நாலு வீலையும் தன் கொட்டகையில் வைத்து வேலை செய்தான். எட்டிப் பார்க்கக்கூட அவளை விடவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டுக் காட்டினான். அடேயப்பா! வெள்ளியில் ஒரு துளி நீலம் கலந்த மாதிரி ஒரு நிறம், மழை வரப்போகிற நேரத்துக் கடல் நிறம். அவனே கலந்தது. சிராய்ப்பு எங்கே, உப்புப் பூத்தது எங்கே? விரிசலைத் தேடித் தேடி அவள் விரலே வழுக்கியது. பஞ்சர் கடையில் டயரை ஏற்றிக் காற்று பிடித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். துளிகூடக் காற்று இறங்கவில்லை.

"இன்னா, மாத்தலாமா?" என்று கேட்டு அவன் சிரித்தான்.

"நீ ஆளுய்யா!" என்றாள் அவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் தன் கையால் செய்து அவளுக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான். மீன் ஏலத்துக்கு வந்தவர்களெல்லாம் காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பாக்யலட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் ஒரு வளைகாப்பு. மீன் வரிசையில் பக்கத்தில் உட்காருகிற அமிர்தவல்லி, செல்வாம்பாள், இன்னும் இரண்டு பேரை, "எவ பஸ்ஸுல போறது? எல்லாரும் என் கார்ல ஏறுங்கடி" என்று அழைத்தும் விட்டாள். அன்றைக்கு அதே பஸ்ஸில் கூட வந்து, அந்த அம்மாள் மூக்கைப் பொத்தியதைப் பார்த்தவர்கள்தான் அந்த நாலு பேரும்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பெயிண்ட் போட்ட வீல் சுற்றும்போது ஆடாமல் இருக்க பேலன்ஸ் பார்க்கவேண்டுமாம். புதன்கிழமை காலை, வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு இனியவன் கடைக்கு வண்டியை ஓட்டிப் போனாள். அவனுக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

"வீலு புதுசா வாங்கிட்டீங்களா அக்கா?" என்றான் இனியவன்.

"அதே வீலுதாம்பா. நல்லாப் பாரு."

அவன் நம்பவில்லை. பின்சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, செல்போன் வெளிச்சத்தில் உள்பக்கத்தைப் பார்த்தான். விரலால் தடவினான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் தடவினான்.

"யாருக்கா பண்ணது?"

"எங்க வூட்டுக்காரரு. போட்டு ஒட்டறவரு."

"யக்கா! நான் ஒம்போது வருசம் கம்பெனியில இருந்தேன், எனக்கு இந்தக் கை வராது" என்றான். சொன்னதோடு விடாமல் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இதுல விரிசலு எங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பந்தயம் கட்டினான். அவர் தோற்றார். பாக்யலட்சுமிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையைச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு அந்தப் பாவி மகன் வீலைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"அக்கா, இத்த நான் வண்டியில போடமாட்டேன்."

"இன்னாது? இப்பதானப்பா வானத்துக்கும் பூமிக்கும் புகழ்ந்த?"

"புகழ்ந்தது நெசம். ஒட்டு வுடாது, சத்தியமா வுடாது. ஆனா போட்டு தண்ணியில மெதக்குது, வீலு ரோட்டுல அடி வாங்குது. பிரேக் புடிக்கப் புடிக்கச் சூடேறும், பள்ளத்துல எறங்கினா நெளியும். விரிசலு ஒட்டுக்கு அடியில சும்மா படுத்துக்கினு இருக்காது. அது பாட்டுக்கு ஒட்டைத் தாண்டி ஓடும். முன்னாடியாச்சும் காத்து எறங்கி உங்ககிட்ட சொல்லிக்கினு இருந்துச்சு. இப்ப அதுவும் சொல்லாது. திடீர்னு ஒரு நாளு கையை விரிச்சிடும்."

அவள் பயந்துபோனாள். வீலை நினைத்து இல்லை, வீட்டுக்காரனை நினைத்து. இடுப்பு உடைந்து கிடந்தவன் இந்தக் கையை நம்பித்தானே எழுந்தான். அவன் வேலை முதல் தடவையாகத் திரும்பி வருகிறது, அதுவும் பெண்டாட்டிக்கென்று செய்தது. இதை எந்த வாயால் அவனிடம் சொல்வது?

"தம்பி, ஞாயித்துக்கெழமை மட்டும் போட்டுக் குடுத்துடு. அவரு கண்ணால ஒரு தரம் பாத்துக்கட்டும். திங்கக்கெழமை நானே கொணாந்து மாத்திக்கிறேன்."

"ஞாயித்துக்கெழமை எத்தினி பேரு போறீங்க?"

"என்னையும் சேத்து அஞ்சி பேரு."

"அப்ப அஞ்சி பேருக்கும் சேத்தே மாட்டேன்னு சொல்றேன். கோவிச்சிக்காதீங்க."

கெஞ்சினாள், திட்டினாள், வேறு கடைக்குப் போகிறேன் என்று எழுந்தும் பார்த்தாள். "போங்க. ஆனா வண்டிய இங்க வுட்டுட்டுப் போங்க" என்றான் அவன். சின்னப் பயல் என்று நினைத்தால் கல் மாதிரி நின்றான். கோபம் தணிந்தபோது அவளுக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது. பணம் வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிறவனை மார்க்கெட்டில் அவள் அதிகம் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே அளவில் நல்ல பழைய வீல் ஒன்று கிடைத்தால் அதற்கு சுப்பராயன் கலந்த நிறத்தையே அடித்து மாட்டிவிடுவது. அவனுக்குத் தெரியவேண்டாம். இனியவன் தலையைச் சொறிந்தான். அண்ணனிடமே சொல்லிவிடலாமே என்றான். "உனக்கு அவரைத் தெரியாதுப்பா, மனசு ஒடஞ்சிடுவாரு" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். பழைய வீல் அன்றைக்கே விழுப்புரத்திலிருந்து வந்தது. நிறம்தான் வரவில்லை. மூன்று தடவை கலந்தும் சுப்பராயனின் நீலம் இனியவனிடம் அகப்படவில்லை. நாலாவது தடவை கிட்டத்தட்ட வந்தது. அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது.

அந்த இரண்டு நாளும் வீட்டில் அவள் பொய் சொன்னாள். பேலன்ஸ் பார்க்கிற மெஷின் ரிப்பேர், ஆள் வரவேண்டும் என்றாள். சுப்பராயன் நம்பினான். "இன்னா சொன்னான் அந்த வீல்காரன்?" என்று மட்டும் ஆசையாகக் கேட்டான். இப்படி ஒரு கையைப் பார்த்ததே இல்லை என்று சொன்னான் என்றாள். அது பொய்யில்லை என்பதால் அதை மட்டும் நாலு தரம் சொன்னாள். அவன் நாலு தரமும் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டியை நேரே துறைமுகத்துக்கே ஓட்டி வந்து கொட்டகை முன்னால் நிறுத்தினாள். சுப்பராயன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முன்சக்கரங்களைப் பார்த்தான், வலது பின்சக்கரத்தைப் பார்த்தான், சுற்றி வந்து இடது பக்கத்தில் குந்தினான். விளிம்பில் விரலை ஓட்டினான். முட்டியால் ஒரு தட்டு தட்டினான்.

"இது என்னுது இல்ல" என்றான்.

நாலு தடவை நிறம் கலந்து என்ன பயன்? தான் தேய்த்த விளிம்பு அவனுக்குத் தெரியாதா? அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பொய் எதுவும் வரவில்லை. புதன்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"என் வீலு எங்க?"

"இனியவன் கடையிலதான் இருக்குது."

"வண்டிய எடு."

கடையில் இனியவன் எழுந்து நின்றான். "வாங்கண்ணே" என்றான்.

"நீதான வேணாம்னது? ஏன்னு காட்டு."

இனியவன் அந்த விரிசல் வீலை எடுத்து வந்தான். நெளிந்த வீலை நிமிர்த்துகிற அழுத்த மெஷினில் அதை வைத்தான். ஒட்டுக்குப் பக்கத்தில் அழுத்தம் விழுகிற மாதிரி சரிசெய்துவிட்டு நெம்புகோலை அழுத்தினான். ஒரு தரம், இரண்டு தரம். பெரிய பள்ளத்தில் விழுந்தால் இவ்வளவு அடிதான் விழும் என்றான். மூன்றாவது அழுத்தில் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எடுத்துக் காட்டினான். சுப்பராயன் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது, ஒரு கீறல் கிடையாது. ஆனால் ஒட்டின் ஓரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, அலாயைப் பிளந்துகொண்டு ஆணி மாட்டுகிற துளை வரைக்கும் போயிருந்தது.

"அண்ணே, ஒட்டைப் பாருங்க. மெஷினுக்கே அசையல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வேலையை நான் பாத்ததே இல்ல" என்றான் இனியவன். ஆறுதலுக்குச் சொன்னதில்லை அது, அவன் முகத்திலேயே தெரிந்தது.

"ஒட்டு நின்னு இன்னா புண்ணியம்" என்றான் சுப்பராயன். அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு குந்தியவன் எழுந்திருக்கவில்லை. "நீ சொன்னது சரி தம்பி. இத்த மாத்தத்தான் வேணும்." பாக்யலட்சுமி இதுவரை அவன் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தை அது. பக்கத்தில் போய்த் தோளைத் தொடலாமா என்று அவள் நினைக்கும்போதே அவன் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான்.

"ஐயோ, விக்ரம்!" என்றான்.

விக்ரம் அவர்கள் தெருப் பிள்ளை. முப்பது வயசு, கடலுக்குப் போகாமல் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். பெண்டாட்டியும் ஆறு மாசக் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். காரின் அழகைப் பார்த்துவிட்டு, தன் பைக்கின் முன்வீலிலும் விரிசல் இருக்கிறது, ஒட்டித் தா மாமா என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

"எப்பய்யா ஒட்டின?" என்று கேட்டாள்.

"புதன்கெழமை சாயங்காலம். அன்னிக்கே மாட்டிக்கினு போயிட்டான். ரெண்டு நாளா அதுலதான் போயிட்டு வரான்."

புதன்கிழமை மதியமே அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் மெஷின் ரிப்பேர் என்று சொன்னாள். அவள் மட்டும் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் சாயங்காலம் அந்த வீலைத் தொட்டிருக்கவே மாட்டான். புருஷன் மனசைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தெருப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள். விக்ரமுக்கு போன் போட்டார்கள், எடுக்கவில்லை. ஷிஃப்ட் முடிகிறவரை போனைக் கம்பெனியில் வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடுவார்கள்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். சுப்பராயனுக்கு ஓட்டத் தெரியாது. முதலியார்பேட்டையிலிருந்து ஒவ்வொரு சிக்னலும் சொல்லிவைத்த மாதிரி சிவப்பு விழுந்தது. ரோட்டோரம் நாலு பேர் கூடி நின்றால் போதும், சுப்பராயன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். ஒரு இடத்தில் கரும்புச்சாறுக் கடைக் கூட்டம், ஒரு இடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். கோரிமேட்டைத் தாண்டி லாரிகளுக்கு நடுவில் புகுந்தபோது அவள் வாய்விட்டே மாரியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் சொல்லி பைக் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மூன்றாவது வரிசையில் விக்ரமின் கறுப்பு பைக் நின்றது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. சுப்பராயன் முன்சக்கரத்தின் அருகில் மண்டியிட்டான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். ஒட்டு பளபளவென்று அப்படியே இருந்தது. அதன் கீழ்விளிம்பில் மட்டும் பெயிண்டில் ஒரு மயிரிழை ஓடியது. விரல்நகம் அளவுகூட இல்லை.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றான்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டு ஆட்கள் வந்தார்கள். விக்ரம் நாலைந்து கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டே வந்தவன், இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தான். "மாமா! வாங்க வாங்க. டேய், நான் சொன்னன்ல, இவருதாண்டா. மாமா, இவனுங்க வண்டி வீலையும் ஒட்டணுமாம். ஒங்களுக்கு இங்கயே பத்து வேலை இருக்குது."

பாக்யலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை பேர் முன்னால் இந்த மனுஷன் இப்போது என்ன செய்வான்? தனியாகக் கூப்பிட்டு விக்ரமிடம் மட்டும் சொன்னால் போதும், மற்றவர்களுக்கு என்ன வந்தது என்று அவள் மனசு மறுபடியும் அவனுக்குத் திரை தேடியது.

சுப்பராயன் எழுந்து நின்றான். இடுப்பு வலிக்கும்போது அவன் நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரமாகும். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினான்.

"எவனும் குடுக்காதீங்கப்பா. இவன் வீலை நான் ஒட்டினது தப்பு. போட்டை ஒட்டற நெனப்புல ரோட்டுல ஓடறதை ஒட்டிப்புட்டேன். வீலுல விரிசலு வுட்டா மாத்திடணும். நான் இல்ல, எவன் ஒட்டித் தரேன்னாலும் வேணாம்னுடுங்க."

"மாமா, நல்லாத்தான மாமா ஓடுது?" என்றான் விக்ரம்.

"நல்லாத்தான் ஓடும். ஓடிக்கினே இருந்து ஒரு நாளு ஒன்னக் கவுத்துடும். சாவியைக் குடு."

கூட்டத்திலிருந்து ஒருவன் மெதுவாக வந்து பைக்கைப் பிடித்துக்கொண்டான். சுப்பராயன் தன் கையாலேயே அந்த வீலைக் கழற்றி எடுத்தான். இனியவனிடம் வேறு வீல் பார்த்துத் தன் செலவில் மாட்டித் தருகிறேன், அதுவரை விக்ரம் வேலைக்குப் போக ஆட்டோவுக்குத் தானே தருகிறேன் என்றான். செய்த தப்பை அவ்வளவு நிமிர்ந்து சொல்கிற ஆளைப் பாக்யலட்சுமி பார்த்ததில்லை. அவன் ஒட்டிய படகுகளையெல்லாம் வரிசையாக நிறுத்தினாலும் இதற்கு ஈடாகாது என்று அவளுக்குத் தோன்றியது.

விக்ரம் பையை எடுத்துவர உள்ளே போனான். காரின் டிக்கியில் அந்த வீலை வைத்துவிட்டு நின்றபோதுதான் சுப்பராயன் அவளை நேராகப் பார்த்தான்.

"புதன்கெழமையே ஏன் சொல்லல?"

"நீ மனசு ஒடஞ்சிடுவியோன்னு பயந்துட்டேன்யா."

"என் மனசு ஒடஞ்சா நான் ஒட்டிக்கமாட்டனா? பாக்கியம், இவன் மண்டை ஒடஞ்சிருந்தா யாரு ஒட்டறது?"

அவளால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அவன் கேட்காததையும் சொல்லிவிட்டாள்.

"அந்த இனியவன் மட்டும் புடிவாதமா நிக்கலைன்னா, அந்த வீலையே போட்டுக்கினு அமிர்தவல்லியையும் மத்தவங்களையும் ஏத்திக்கினு போயிருப்பேன்யா. ஒனக்காக. கெஞ்சினேன் அவன்கிட்ட." சொல்லிவிட்டு கம்பெனி வாசலிலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

சுப்பராயனுக்கு அது வலித்தது, முகத்தில் மறைக்கவும் இல்லை. "எனக்காக அஞ்சி பேரு சாவணுமா? என்னைய இம்மாத்தூண்டு ஆளுன்னா நெனச்ச?" என்றான்.

ஆமாம், அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்து, கையைப் பார்த்து மயங்கினாளே தவிர ஆளை முழுசாகப் பார்க்கவில்லை. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் அப்படி ஒரு கர்வமாகவும் இருந்தது.

"தப்புதான்யா" என்றாள்.

"சரி, கண்ணைத் தொடைச்சிக்க. அழுதுக்கினே ஓட்டாத" என்றான் அவன். விக்ரம் பையோடு வந்து பின்சீட்டில் ஏறினான். சுப்பராயன் முன்னால் உட்கார்ந்து, கொட்டகையில் ஒட்டுவதற்காக வீலைக் கொடுத்துவைத்திருந்த இன்னும் இரண்டு பேருக்கு ஒவ்வொருவராக போன் போட ஆரம்பித்தான்.